கிணற்றுச் சோதனையின் நான்காம் பக்கம்

அயோவாவின் அந்தச் சிறு ஊரில், வக்கீல் டோரீன் சோதனை அறிக்கையின் நான்காம் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"பயப்படாதீங்க ஹார்லன். செப்டிக் டேங்க்கைப் பார்த்தீங்க, கிணத்துத் தண்ணியில கிருமி இருக்கான்னு பார்த்தீங்க. உரம் கலந்திருக்கான்னு பாக்கணும்னா தனியா கேக்கணும்னு இதுல தெளிவா இருக்கு. வீடு வாங்கினவங்க கேக்கல. கையெழுத்தும் போட்டிருக்காங்க."

"சுத்திலும் மக்காச்சோளக் காடு டோரீன். இருபத்தாறு வருஷமா கிணறு பாக்குறேன், உரம் இறங்கியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணியில பால்மாவு கலக்கிக் கொடுத்து, பச்சக் குழந்தை நீலம் பாரிச்சு..."

"இதையெல்லாம் வெளிய சொல்லித் தொலைக்காதீங்க! உங்கமேல ஒரு தூசுகூட விழாது. எந்தக் கோர்ட்டும் உங்களைத் தொட முடியாது."

ஹார்லன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

"வேற வழியே இல்லையா?"

"இன்னும் எதுக்கு வழி? அதான் தப்பிச்சாச்சே!"

"மாட்டிக்கிறதுக்கு" என்றார் ஹார்லன். "கையெழுத்துப் போட்டவ என்மேல ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டேங்கிறா. நேத்து குழந்தையைப் புதைச்சிட்டு வந்ததும், 'அப்பா, நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா."