புயலுக்கு ஒதுங்கும் பள்ளம்

என் கணவர் அருளானந்தம் பார்வையற்றவர். பார்வையற்றவர்களுக்கே கணினி விளையாட்டுகள் செய்தார். கையுறை மாட்டினால் வெறும் காற்றில் மலையும் பாறையும் விரலுக்குத் தட்டுப்படும். அவர் இறந்த பதினோராம் நாள், அந்த மலை விளையாட்டை ஆடும் பார்வையற்ற பெண் பர்வீன் துக்கம் கேட்க வந்தாள். என் கண்ணீரைத் துடைக்கத் தடவியவளின் விரல்கள் இடது கன்னத்துத் தீத்தழும்பில் நின்றன.

"அக்கா, இது எங்க விளையாட்டு மலைல இருக்குற பள்ளம். அப்ப நாங்க ஏறி விழுந்ததெல்லாம் உங்க மூக்கா?"

முகத்தை இழுத்துக்கொண்டேன். அந்தக் கன்னத்தைத் தொட அவரை நான் ஒருநாளும் விட்டதில்லை. அப்படியென்றால், நான் தூங்கும்போது தொட்டிருக்கிறார்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"லட்சம் பேருக்கு மேல. புயல் சத்தம் கேட்டா எல்லாரும் இங்கதான்க்கா ஓடி வருவோம். இங்க மட்டும்தான் சாக மாட்டோம்."