மூன்று தடவை எழுதிய வரி

ஒரு காலத்தில் அறையையே அடைத்து நின்ற மெயின்பிரேம் என்ற பழைய ராட்சதக் கணினி, இப்போது அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளாக ஒரு லேப்டாப்புக்குள் குடியிருந்தது. தேர்வு முடிவுகளை அச்சிடும்போது பாதியில் நின்றுவிட்டது.

"நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்று ரீஸ்டார்ட் கட்டளை பாய்ந்து ஓர் உதை விட்டது. மெயின்பிரேம் முதலிலிருந்து ஓடி, அதே இடத்தில் நின்றது. மூன்று தடவையும் அதே கதை.

"கிழம் தேறாது. அணைச்சிடலாம்" என்றது ரீஸ்டார்ட்.

தரவு டேப்புகளை மாட்டுவதற்கென்றே மூலையில் கிடந்த மவுண்ட் கட்டளை, "பெரியவரே, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டது.

"மூணு தடவையும் திரையில எழுதினேனே, மீதி முடிவு இருக்கற ரெண்டாவது டேப்பை மாட்டுங்கன்னு! எவன் படிச்சான்?"

மவுண்ட் ஓடிப்போய் டேப்பை மாட்டியது. நாற்பதாயிரம் பேரின் முடிவும் தடதடவென்று வந்து விழுந்தது.

"என் உதை வேலை செஞ்சிடுச்சு பாத்தியா?" என்று ரீஸ்டார்ட் மார்தட்டியது.

திரையில் ஒரு வரி பளிச்சிட்டது: "முடிந்தது. மவுண்டுக்கு நன்றி. ரீஸ்டார்ட், இதையாவது படி!"