பட்டாளத்துப் பெட்டி

"ம்ஹூம்! ஒரு சத்தமும் இல்ல!" என்று சொல்லிக்கொண்டே இஞ்சின் அறை வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள் நாகலெட்சுமி.

சோலைமலையின் முகம் தொங்கிவிட்டது. மைக்கைக் கீழே வைத்தான்.

"நல்லாக் கவனிச்சியா புள்ள? 'ஒன்னு, ரெண்டு, மூணு'ன்னு தொண்ட கிழியக் கத்துனேனே!"

"ஸ்பீக்கருக்கு நேர் கீழதான் நின்னேன். காக்கா கத்துனதுதான் கேட்டுச்சு."

இதையும் அவர்கள் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள். தேயிலை பேக்டரியின் இஞ்சின் ஓடும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது. ஆனால் தோட்டத்தில் கரண்ட் இருந்த ஒரே இடம் அதுதான். அதனால் ஆம்பிளிபயரை அங்கே வைத்து, வயரைக் குன்றுக்கு மேலாக இழுத்து, அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தான். விடிந்தால் திருவிழா. இந்த வருஷம் வாடகை மைக் செட்டே வேண்டாம் என்று கோயில் தலைவர் ஆண்டியப்பன் கங்காணியிடம் வாக்குக் கொடுத்தவன் இவன்தான்.

ஆம்பிளிபயர் யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போனது. அட்டன் டவுனில் மீராசாஹிப் கடையில், பழைய இரும்புக்கு நடுவே எலி குட்டி போட்டிருந்த பெட்டியை வாங்கி வந்து, எட்டு மாதமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வால்வு வட்டவளையில் யாரோ வீசிய ரேடியோவிலிருந்து கழற்றியது. டிரான்ஸ்போமர் அவனே கையால் சுற்றியது. இஞ்சின் பார்ப்பது பிழைப்பு. பழைய ரேடியோ சாமான் எதைக் கண்டாலும் தூக்கி வந்துவிடுவது பைத்தியம்.

நாகலெட்சுமி அதே ஆண்டியப்பன் கங்காணியின் மகள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவளும் சரி என்றுவிட்டாள். கங்காணியிடம் சொல்லத்தான் ஒரு வருஷமாக அவனுக்கு வாய் வரவில்லை.

"திங்கக்கெழம ராகலையிலருந்து என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு புள்ள. திருவிழாவுல பெட்டி நல்லாப் பாடட்டும். அந்தச் சந்தோசத்துல உங்கப்பாகிட்ட கேட்டுப்புடுறேன்."

"பொங்கலுக்கும் இப்படித்தான் சொன்னீங்க. முந்நூறு வோல்ட்டுக்குள்ள கைய விடுற ஆளு, எங்கப்பா மீசைக்கா பயப்படுவீங்க?"

"வோல்ட்டுக்கு சுவிச்சு இருக்கு. மீசைக்கு இல்லியே!"

வால்வை மாற்றிப் போட்டான். அவள் மறுபடி குன்றேறிக் கோயிலுக்கு ஓடினாள். இந்தத் தடவை ஒன்று இரண்டோடு விடாமல், பதினாறாம் வாய்ப்பாட்டை முழுசாக ஒப்பித்தான்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவள் தலையை ஆட்டினாள். "கேக்கல."

சோலைமலை அப்படியே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. "நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்கப்பா முன்னால நிப்பேன்? இனி பொண்ணு கேட்டாக் குடுப்பாரா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ பாருங்க. வாய்ப்பாடெல்லாம் வேணாம். எங்கப்பா எதுக்க நிக்கிறாருன்னு நெனச்சு, கேக்க வேண்டியதக் கேளுங்க. உங்களுக்கும் பேசிப் பழகுன மாதிரி இருக்கும். செத்த பெட்டிதானே, யாருக்குக் கேக்கப் போவுது?"

அது அவனுக்கும் சரியாகப் பட்டது. அவள் போய்ச் சேரக் கால் மணி நேரம் விட்டு, ஒரு வயரை மறுபடி பற்றவைத்துவிட்டு, மைக்கை வாயருகில் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கங்காணி ஐயா, கும்புடுறேனுங்க. இஞ்சின் ரூம் சோலைமலை பேசுறேன். உங்க மகள எனக்குக் கட்டிக் குடுங்க. ஒரு வருசமாக் கேக்கணும்னு நெனைக்கிறேன், உங்க மீசையப் பாத்தா நாக்கு உள்ள போயிருதுங்க. சாராயம் தொட மாட்டேன். சீட்டு ஆட மாட்டேன். ரேடியோப் பைத்தியம் மட்டும் உண்டு. கல்யாணத்துக்கு அப்பறம் மாசத்துக்கு ஒரு ரேடியோவுக்கு மேல வாங்க மாட்டேன். ராகலைக்காரன் என்னயவிடப் பணக்காரனா இருக்கலாம். ஆனா உங்க மகளுக்கு என்னயத்தாங்க புடிச்சிருக்கு. மாட்டேன்னு சொல்லிராதீங்க ஐயா!"

ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம். இதை நேரில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கியபடி உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நிழல் விழுந்தது. முதலில் மீசைதான் தெரிந்தது. கங்காணிக்குப் பின்னால் நாகலெட்சுமி. அவளுக்கும் பின்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்த பத்துப் பேர்.

சோலைமலை துள்ளி எழுந்தான். "மன்னிச்சிருங்க ஐயா. விடியுறதுக்குள்ள எப்படியும் சரி..."

"மாசத்துக்கு ஒன்னு கட்டுப்படியாகாது. வருசத்துக்கு ஒரு ரேடியோதான்" என்றார் கங்காணி. "அங்க பொம்பளைங்க குலவையே போட்டுட்டாளுக. இனி நான் மாட்டேன்னா கோயில்ல நிக்க முடியுமா? ராகலைக்குத் தந்தி அடிச்சிடுறேன், வர வேணாம்னு."

சோலைமலை பெட்டியையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயா... பெட்டிதான் வேல செய்யலியே! உங்க மகதான் ரெண்டு தடவ வந்து சொல்லுச்சுங்க."

"வேல செய்யலியா? மொத 'ஒன்னு'க்கே பந்தல் மேல நின்னவன் கீழ விழுந்தான்டா!" கங்காணி மெல்ல மகள் பக்கம் திரும்பினார். "நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டு வாம்மான்னு ரெண்டு தடவையும் உன்னத்தானே அனுப்புனேன்?"