தலைவரம்மாவுக்கு வாங்கிய மாலை

ஏரிக்கரையைக் காக்கத்தான் நண்டாரைத் தலைவராக்கினார்கள். அவரோ கரையெங்கும் வளை தோண்டிவிட்டார். தண்ணீரெல்லாம் வெளியே ஓடி, தவளையின் முதுகு நனையக்கூட மிச்சமில்லை.

தவளை கொதித்துப்போய், மீன், நத்தை என்று ஒருவர் விடாமல் கெஞ்சி ஓட்டுப் போடவைத்து, அவரைப் பாதியிலேயே பதவியிலிருந்து இறக்கியது. "இனிமே நம்மள எவனும் ஏய்க்க முடியாது" என்று தொண்டை வற்றக் கத்தியது.

அடுத்த தேர்தலில் நண்டாரின் மனைவி நின்றாள். "பாவம், அந்தம்மா வாயே திறந்ததில்ல" என்று தவளையே அலைந்து ஜெயிக்கவைத்தது.

மாலையோடு வாழ்த்தப் போனால், தலைவர் நாற்காலியில் நண்டார்.

"தலைவரம்மா இல்லீங்களா?"

"புது வளையில சமைச்சுக்கிட்டிருக்கா. எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

வாங்கிய மாலையை வீணாக்க மனமில்லாமல், தவளை அதை நண்டாரின் கொடுக்கிலேயே மாட்டிவிட்டு வந்தது.