மடியில் வைக்கக் கூடாது

எதிரே இருந்த பெரியவரின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

"வெளியிலிருந்து கதிர்வீச்சுன்னா பல வாரம் தினமும் வரணும். இல்லேன்னா அரிசி அளவுல கதிர்வீச்சு விதைகளை உள்ளேயே வெச்சிடலாம், ஒரே நாள் வேலை. உங்களுக்கு ரெண்டுமே ஒரே பலன்தான். ஆனா விதை வெச்சா ரெண்டு மாசம் குழந்தைங்களை மடியில வெச்சுக்கக் கூடாது."

"அப்ப விதை வேணாம் டாக்டர்," என்றான் மகன். "எங்க ரெட்டைப் பசங்க நாள் பூரா தாத்தா மடியிலதான். அப்பா அம்மாவை நம்பித்தான் நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு தள்ளி இருக்கணும்?"

"ஒரு ஆறடி போதும்."

"வேற ஊருக்கே போயிட்டா?"

பேரன்கள் மேல் இவ்வளவு கரிசனமா என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். "அவ்வளவெல்லாம் தேவையில்லைங்க."

"பச்சைக் குழந்தைங்க விஷயம், எதுக்கு வம்பு? விதையே வைங்க. நான் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்."

மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அப்பாவுடன் தேதி வாங்கப் போனான்.

அதுவரை வாயே திறக்காத பெரியவரின் மனைவி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கதவு சாத்தியதும் மேசைப் பக்கம் குனிந்தார்.

"பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி விதை ஏதாவது இருக்கா டாக்டர்?"