அப்பீல் கிடையாது

உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. உடனே "வள், வள்" என்று குரைப்பு. சிணுங்கல் நின்றுவிட்டது.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு கமலாக்ஷி மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டியா? என் காதுக்கு ஒண்ணும் ஆகலையாக்கும்."

ஸுப்ரியாவின் கையில் பனங்கல்கண்டும் மிளகும் போட்ட பால், ஆவி பறக்க இருந்தது. மாமி அதையும் பார்த்துவிட்டாள். ஒரு நாய்க்கு இப்படி ராஜ உபசாரம் நடக்கிற வீட்டை மட்டாஞ்சேரியில் தான் பார்த்ததே இல்லை என்றாள்.

மாமியின் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமிக்கு மத்தியானத் தூக்கம் உயிர்.

சுண்டு, ஸுப்ரியாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது கணவன் சங்கர்ராம் கொண்டுவந்த நாய்க்குட்டி. நாளெல்லாம் அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, தெருவில் போகிற ஆட்டோவை எல்லாம் குரைத்து விரட்டும். குழந்தை வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியது. மாமி முற்றத்தில் காயப்போட்ட அப்பளத்தைத் தின்றது. கடைசியில் ஒருநாள் தொட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

மாமனார் வெங்கிடாசலம் எர்ணாகுளம் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். காலமெல்லாம் அடுத்தவர் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, சொந்தமாக ஒன்று சொல்ல அன்றைக்குத்தான் வாய்த்தது. நாயும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் ஆகாது; அப்பீல் கிடையாது. ஸுப்ரியா அழுதுகூடப் பார்த்தாள். சுண்டு கூடையில் உட்கார்ந்து, திருப்பூணித்துறையில் இருக்கும் சங்கர்ராமின் சிநேகிதன் பினு வீட்டுக்குப் போனது. வாசலில் நின்று சிரித்த முகமாக வழியனுப்பியவள் கமலாக்ஷி மாமிதான்.

இரண்டே நாளில் குரைப்பு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

"யாரும் அறியாம திரும்பக் கொண்டு வந்துட்டே, இல்லியா?" என்றாள் மாமி.

எல்லாவற்றையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். மத்தியானமானால் போட் ஏறி எர்ணாகுளம் போய், மற்ற பென்ஷன்காரர்களோடு உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது வெங்கிடாசலத்தின் வழக்கம். அந்த நேரம் பார்த்து மருமகள் நாயை வெளியே விடுகிறாள். ஒன்றே ஒன்றுதான் மாமிக்கு இடித்தது. இந்த வாரம் முற்றத்து அப்பளத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. கட்டிப் போட்டிருப்பாள் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"குரைக்கற சத்தம் கேட்டாத்தான் குழந்தை தூங்கறது மாமி. வயித்துல இருக்கறச்சேயே கேட்டுப் பழகிடுத்து" என்றாள் ஸுப்ரியா.

"அப்போ என் ஒறக்கம்? அண்ணா வரட்டும், நானே சொல்லறேன்."

"அப்பாகிட்ட இந்தப் பேச்சை எடுக்காதீங்கோ மாமி. அவருக்கு அவமானமாப் போயிடும்."

சொன்ன தீர்ப்பை மருமகளே மீறினால் அவமானமாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும் என்று மாமி கேட்டாள். அதற்குள் இன்னொரு சிணுங்கல், இன்னொரு குரைப்பு. மாமியின் பொறுமை போய்விட்டது. நாயைக் காதைப் பிடித்து வெளியே இழுத்துவருவதென்று உள்ளே நடந்தாள். ஸுப்ரியா டம்ளரோடு குறுக்கே போய் நின்றாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. வெங்கிடாசலம் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, கையில் கசங்கிய துண்டு.

மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணா, போகலையா இன்னிக்கு? கையும் களவுமாப் பிடிச்சுட்டேளா அதை?"

அவர் மாமியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மருமகள் கையிலிருந்த பாலை வாங்கி மடமடவென்று குடித்தார். கோர்ட் வராந்தா முழுக்கக் கேட்ட குரல் அவருடையது. இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

"ஸுப்ரியா, பினுவுக்குப் போன் பண்ணு. சுண்டுவை இன்னிக்கே திரும்பக் கொண்டு வரச் சொல்லு."

'அந்தச் சனியன்' என்பதைத் தவிர வேறு பெயரில் அவர் அதைச் சொல்லி ஸுப்ரியா கேட்டதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நைட்டிப் பையிலிருந்து அவசரமாகப் போனை எடுத்தாள். சுண்டு குரைக்கிற வீடியோக்கள் அதில் எத்தனையோ இருந்தன. மாமனாரிடம் அவற்றைப் பற்றி மட்டும் அவள் இதுவரை மூச்சு விட்டதில்லை.

கமலாக்ஷி மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "திரும்பக் கொண்டு வரதா? அப்போ அது இங்க இல்லியா? பின்னே உள்ளே குரைச்சது?"

தொட்டிலில் மறுபடியும் சிணுங்கல் கேட்டது. வெங்கிடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அறைப் பக்கம் திரும்பினார்.

"அது வந்து சேரற வரைக்கும் நான்தான்."