சத்தியப் பெட்டி

“நாளைக்குச் சத்தியம் பண்ணும்போது பெட்டிக்குள்ள புனிதரோட எலும்பு இருக்கக் கூடாது, அக்கா,” என்றான் அரசன் தியூதமார்.

பெட்டிச் சாவியை வைத்திருந்த கன்னியாஸ்திரீ இமினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடத்துத் தலைவி ரக்னத்ரூத் அசையவில்லை.

அப்பன் நாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினான். அன்று முதல் ரக்னத்ரூத்தின் இரண்டு தம்பிகளுக்கும் அடுத்தவன் பாதி மேல்தான் கண். இரண்டு முறை மோதியதில் ஆற்றங்கரை முழுக்கக் கோதுமை சாம்பலானது.

நாளை சமாதானம். புனிதர் லூப்பியனின் விரல் எலும்பு இருக்கும் பெட்டிமேல் இருவரும் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் கை அழுகும், வம்சம் அழியும். ஊரே நம்பியது, தியூதமாரும் நம்பினான். அதனால்தான் இந்த முன்னேற்பாடு. விருந்து முடிந்து திரும்பும் தம்பியைக் காட்டுப் பாதையில் தீர்த்துக்கட்ட ஆள் வைத்திருந்தான்.

“சின்னவன் நம்பி வர்றான்டா.”

“வரட்டும். எலும்பு இல்லன்னா அது வெறும் மரப்பெட்டி. பாவம் ஒட்டாது.”

“சரி, எடுத்துடறேன்,” என்று சாவியை வாங்கிக்கொண்டாள் ரக்னத்ரூத்.

இமினா அவளையே வெறித்துப் பார்த்தாள். தாயில்லாத சின்னவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவளே இவள்தான். இவளும் ஒரு மனுஷியா?

மறுநாள் சின்னவன் ஹார்தவின் சிரித்த முகத்தோடு வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். இமினாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தியூதமார் பெட்டிமேல் கை வைத்து, மீறினால் என் பிள்ளைகள் ஒருவரும் மிஞ்ச வேண்டாம் என்று முழங்கினான். ஹார்தவினும் குறை வைக்கவில்லை. தன் கண் இரண்டும் அவிந்து போகட்டும் என்றான்.

ரக்னத்ரூத் நிதானமாகப் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள்.

சிவப்புப் பட்டின்மேல் விரல் எலும்பு பத்திரமாக இருந்தது. பிரபுக்கள் அத்தனை பேரும் மண்டியிட்டார்கள்.

தியூதமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவின் காதருகே குனிந்தான்.

“எடுத்துடறேன்னு சொன்னியே.”

“பொய்தான் சொன்னேன். உனக்கு ஒண்ணு. முந்தாநாளே வந்து இதையே கேட்டுட்டுப் போனானே உன் தம்பி, அவனுக்கு ஒண்ணு. அவன் மூஞ்சியப் பாரு.”